எரியாமல் நின்ற ஓலைச் சாய்ப்பு

நனைந்த தென்னோலைக்குள் விறகுப்புகை ஏறினால் ஒரு வாடை வரும். பாதி புளிப்பு, பாதி கரி. போன வாரம் தோப்பும்படியில், மீன் லாரிகள் நிற்கும் வரிசைக்குப் பின்னால் ஒரு சாயாக்கடையில் மழைக்கு ஒதுங்கினேன். கிளாஸைக் கையில் வாங்கிய நேரம் அந்த வாடை வந்தது. சாயாவைக் குடிக்க முடியவில்லை. கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு, யாரும் என்னை ஒன்றும் சொல்லாதபோது, மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, கோபம்.

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்கள் படிக்கட்டும். ஹோட்டல் வைத்து, கல்லாவுக்கு மேல் பாலிசியை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறவர்கள் கட்டாயம் படிக்கட்டும்.

பசை பாட்டில்

எழுபதுகளின் நடுவில் மட்டாஞ்சேரி பிராஞ்சில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கீழே சுக்கு கோடவுன், மேலே ஆபீஸ். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. சுக்கும் மிளகும் எங்களுக்கு வாடையாகவே படாது. ஆனால் அந்த ஆபீசில் டைப்ரைட்டர் சாவியைத் தட்டினாலே தும்மல் வரும்.

முதல் நாள் பிராஞ்ச் மேனேஜர் குருப்பு சார் என்னை டைப்ரைட்டர் பக்கம் விடவில்லை. ஒரு பசை பாட்டிலை மேஜையில் வைத்தார். மலையாளமும் தமிழும் கலந்துதான் என்னிடம் பேசுவார்.

"சரஸ்வதி, டைப்பிங் எல்லாருக்கும் அறியும். ஆத்யம் ஒட்டப் படி." முதலில் ஒட்டக் கற்றுக்கொள் என்கிறார்.

பாலிசி என்பது ஓர் அச்சடித்த தாள். அதில் ஷெட்யூல் என்று ஒரு கட்டம். யார், எந்தக் கட்டடம், எவ்வளவுக்கு என்று டைப் அடிப்போம். அதற்குக் கீழே வாரண்டி ஸ்லிப் ஒட்ட வேண்டும். பஸ் டிக்கெட் அகலத்தில் சின்னச் சின்னத் துண்டுகள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இன்னது செய்ய மாட்டேன், இன்னது வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பாலிசி எடுத்தவர் கொடுக்கும் உறுதிமொழி அது. வேடிக்கை என்னவென்றால், உறுதி கொடுத்தவருக்கு அப்படி ஒன்றைக் கொடுத்ததே தெரியாது.

"சார், இதில் என்ன எழுதியிருக்கு?"

"நம்பர் பார்த்து ஒட்டினா மதி, போதும். எல்லாம் வாசிக்க நேரம் எவிடெ?"

நம்பர் பார்த்து ஒட்டினேன். நான்கு வருஷம் ஒட்டினேன். என் கட்டைவிரல் ரேகை மட்டாஞ்சேரி பஜாரின் பாதி பாலிசிகளில் காய்ந்து கிடக்கும்.

மழைக்கு ஒரு தலைப்பு

ஆபீசுக்கு அடுத்த சந்தில் கோமதியக்காவின் ஹோட்டல். தென்காசிப் பக்கத்து மனுஷி. புருஷன் போட்ட கடை. அவர் போன பிறகு பன்னிரண்டு வருஷமாகத் தனியாக நடத்தினாள். ஊருக்கெல்லாம் கோமதி சேச்சி, எனக்கு அக்கா. முன்னால் இருபது பேர் உட்காரலாம். பின்னால் ஓடு போட்ட அடுக்களை. அதற்கும் பின்னால் ஒரு முற்றம்.

மட்டாஞ்சேரியில் ஒவ்வொரு வருஷமும் இடவ மாதம், நமக்கு வைகாசி, மழை இறங்குமுன் ஒரு வேலை நடக்கும். அடுக்களையின் பின்சுவரிலிருந்து நாலு கமுகுக் கால் நட்டு ஓலையில் ஒரு சாய்ப்பு இறக்குவார்கள். விறகு நனையாமல் இருக்க. மழை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். பிரித்த ஓலை அடுப்புக்குப் போய்விடும். பஜாரில் எல்லா ஹோட்டலிலும் இதே வழக்கம்தான். அதை யாரும் கட்டடம் என்று நினைத்ததில்லை. "மழை வந்தா சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில போட்டுக்கிடுதோம்லா, அந்த மாதிரிதான்" என்பாள் அக்கா.

மதியம் கூட்டம் வழிந்தால் அந்தச் சாய்ப்பின் கீழும் இரண்டு பெஞ்சு போடுவாள். எங்கள் ஆபீஸ்காரர்கள் அங்கேதான் உட்கார்வோம். குருப்பு சாருக்கு ஓரத்துப் பெஞ்சு. ஓலையிலிருந்து மழை கம்பி கம்பியாக இறங்கும், அவர் சாம்பாரை ரசித்துக்கொண்டே சொல்வார்: "சேச்சி, இந்தச் சுகம் பெரிய ஹோட்டலில் கிட்டில்ல."

"பெரிய ஹோட்டல்ல இலைக்கு ரெண்டாம் தடவை சோறு போட மாட்டான் சார். அதச் சொல்லுங்க" என்பாள் அவள், கரண்டியை நிறுத்தாமல்.

அவளுடைய ஃபயர் பாலிசி வருஷாவருஷம் ஜனவரியில் ரின்யூவல் ஆகும். ஜனவரி என்றால் தை மாதம். வானம் வெளுத்து, முற்றத்தில் மிளகாய் காயும். ஃபாரத்தை நான்தான் கொண்டுபோவேன். ஒரு கேள்வி உண்டு: கட்டடத்தோடு ஒட்டி ஓலைக்கூரை ஏதாவது இருக்கிறதா?

"அக்கா, ஓலைக்கூரை இருக்கா?"

"எங்க இருக்குளா? நீயே பாரு. மிளகாயை மிதிச்சுராத."

பார்த்தேன். இல்லை. இல்லை என்று எழுதினேன். அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். யாரும் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த முற்றத்தில் வெயிலும் மிளகாயும்தான் இருந்தன. ஆனால் அன்று சாயங்காலம் நான் ஒட்டிய ஸ்லிப், பாலிசி நடப்பில் இருக்கும் காலம் முழுவதும் ஓலைக்கூரை எதுவும் இருக்காது என்று அவள் பேரில் உறுதி கொடுத்தது. கேட்டது ஒரு நாளைப் பற்றி, கட்டியது வருஷத்தை. இதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் மழை பெய்யாத ஊர்க்காரனாக இருக்க வேண்டும்.

கர்க்கடகத்தில் தீ

ஆடி மாதம். கர்க்கடகம் என்பார்கள் இங்கே. மூன்றரை மணி, வானம் இருட்டி, மழை ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. அடுக்களையில் எண்ணெய்ச் சட்டியில் பழம்பொரி போடும் நேரம். கூக்குரல் கேட்டு நாங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடினோம். ஓட்டுக்கூரையின் இடுக்குகளில் புகை, மழைக்கு எதிராக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

நடந்தது சின்ன விஷயம். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்திருக்கிறது. சமையல்காரர் தங்கப்பன் பதறி ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டார். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று அடுக்களையில் நின்றவர்களுக்குத் தெரியும். தீ சட்டியை விட்டு உத்தரத்துக்குத் தாவியது. புகையடித்துப் புகையடித்து எண்ணெய் ஊறிய மரம். ஓடுகள் பட்டாசு மாதிரி வெடித்து விழுந்தன. சுமட்டுத் தொழிலாளிகள் கோடவுன்களிலிருந்து சாக்குகளை இழுத்து வந்து ஓடையில் முக்கி வீசினார்கள். ஃபயர் என்ஜின் அந்தச் சந்துக்குள் நுழையவே முடியவில்லை.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுக்களை போய்விட்டது. கிரைண்டர், பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் கரி.

சாய்ப்பு மட்டும் நின்றது. இரண்டு மாத மழை குடித்த ஓலை. சுவரை ஒட்டி ஒரு முழம் கருகி, அதற்கு மேல் தீ அதைச் சீந்தவில்லை.

இங்கே ஒரு பாடம் சொல்லிவிடுகிறேன். தங்கப்பன் தண்ணீர் ஊற்றியது முட்டாள்தனம். ஆனால் அதற்காக ஒரு பைசாவும் குறைக்க முடியாது. ஆட்களின் அஜாக்கிரதையால் தீப்பிடித்தாலும் ஃபயர் பாலிசி கொடுக்க வேண்டும்; அதற்குத்தானே பாலிசி. அப்படியென்றால் அக்கா தப்பித்திருக்க வேண்டும், இல்லையா?

தொடாதே

மறுநாள் குருப்பு சார் ஒரு கடிதம் டிக்டேட் செய்தார். நஷ்டத்தைக் கணக்கிடும் சர்வேயர் வந்து பார்த்து, கிளெயிம் முடிவாகும்வரை எரிந்த இடத்தில் எதையும் தொடவோ நகர்த்தவோ கூடாது. நான்தான் அடித்தேன். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

"சரசு, உனக்கு ஒண்ணு தெரியுமா? இந்த இடம் கோடவுன் முதலாளி இடம். எங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த வாடகைச் சீட்டுல ஒரு வரி இருக்கு. மூணு மாசம் தொடர்ந்து கடை பூட்டிக் கிடந்தா இடத்தைத் திருப்பிக் கொடுத்திரணும். அந்த ஆளு இதுக்குத்தான் வாயப் பொளந்துட்டு நிக்கான். சுக்கு அடுக்க இடம் பத்தலையாம்."

"மூணு மாசம் ஆகாது அக்கா."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் முன்பக்கத்தில் ஒரு ஸ்டவ் வைத்து சாயா மட்டுமாவது போடுகிறேன் என்றாள். கடை திறந்திருந்ததாகக் கணக்காகுமே. ஆபீசில் கேட்டேன். "வேண்டா. பின்னே சர்வேயர், இடம் மாற்றிவிட்டார்கள் என்று எழுதும்" என்றார் குருப்பு சார். ஆக, கடையைத் திறந்தால் கிளெயிம் போகும். திறக்காவிட்டால் கடை போகும். இரண்டையும் அவளிடம் சொன்னது ஒரே ஆபீஸ்.

சர்வேயர் எர்ணாகுளத்திலிருந்து படகில் வர வேண்டியவர். மழை விடட்டும் என்றார். பிறகு ஓணம் முடியட்டும் என்றார். ஆறாவது வாரம் வந்தார். அன்றும் தூறல். அக்கா அவரைக் கையைப் பிடிக்காத குறையாகப் பின்னால் அழைத்துப் போனாள். நான் ஃபைலோடு நின்றேன்.

"நனையாதீங்க சார். இதுக்கு அடியில நின்னு எழுதுங்க."

அவர் சாய்ப்பின் கீழே வந்து நின்றார். மேலே பார்த்தார்.

"இது எப்போ போட்டது?"

"வைகாசியில சார். வருஷா வருஷம் போடுறதுதான். பாருங்க, அவ்வளவு தீயிலயும் இதுக்கு ஒண்ணும் ஆகலை."

பெருமையாகச் சொன்னாள். தன் கடையில் மிச்சமிருந்த ஒரே நல்ல பொருளைக் காட்டுவதுபோலக் காட்டினாள். சர்வேயர் கேமராவை எடுத்து, நாலு பக்கமிருந்தும் ஓலையைப் படம் பிடித்தார். பிறகு அதன் கீழேயே, அக்கா துடைத்துப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து, நனையாமல், அவளுக்கு எதிராக ரிப்போர்ட் எழுதினார்.

அந்தச் சாய்ப்பும் எரிந்து சாம்பலாகியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். எரியாமல் நின்றதால் வீழ்ந்தாள். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சிலர் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஃபைலில் இல்லாத ஊண்

நிராகரிப்புக் கடிதத்தின் டிராஃப்ட் என் மேஜைக்கு வந்தது. வாரண்டி மீறப்பட்டது, எனவே பாலிசிப்படி பொறுப்பில்லை. அடிக்கக் கை போகவில்லை. டைப்ரைட்டரில் தாளைச் செருகி, எடுத்து, மறுபடி செருகி, எடுத்தேன்.

கடைசியில் ஆபீஸ் பரணில் ஏறினேன். பழைய ஃபைல்களைக் கரையானுக்கும் சுக்குப்பொடிக்கும் விட்டிருந்த இடம். இந்த ஹோட்டலுக்கு முதன்முதலில் பாலிசி கொடுத்தபோது யாராவது போய்ப் பார்த்திருப்பார்கள் அல்லவா? பார்த்திருந்தால் எழுதியிருப்பார்கள் அல்லவா? இரண்டு மத்தியானம் தும்மிக்கொண்டே தேடினேன்.

கிடைத்தது. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், கையால் வரைந்த பிளானோடு. முன்கட்டு, அடுக்களை, முற்றம். முற்றத்தில் கோடு போட்ட ஒரு கட்டம். அதற்குள் ஆங்கிலத்தில்: மழைக்காலத்தில் மட்டும் ஓலைச் சாய்ப்பு, விறகு வைக்க. அந்த ரிப்போர்ட் ஒரு ஜூலையில் எழுதப்பட்டது; பாலிசி அடுத்த ஜனவரியில்தான் தொடங்கியிருந்தது. கீழே கையெழுத்து, அப்போது இன்ஸ்பெக்டராக இருந்த குருப்பு சாருடையது.

அவர் மேஜையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, படித்தார்.

"இது எவிடெந்து கிட்டி?"

"பரண்லேர்ந்து சார்."

"பரணில் கிடக்கிறது ஃபைல் அல்ல, சரஸ்வதி."

"உங்க கையெழுத்து சார்."

"எனக்கு அறியும்." தாளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "வாரண்டி காரணம் கேட்காது. ஓலை எரிஞ்சதா, எரியலையா என்று அதுக்கு வேண்டா. இருந்ததா? இருந்தது. தீர்ந்தது."

"சாய்ப்பு போடுவாங்கன்னு தெரிஞ்சுதானே சார் முதல் பாலிசியைக் கொடுத்தோம்? தெரிஞ்சே பிரீமியம் வாங்கினோம். இப்போ தெரியாதுன்னு சொல்லலாமா? நாம எல்லாரும் அதுக்குக் கீழே உட்கார்ந்து ஊண் கழிச்சோமே, சாப்பிட்டோமே சார்."

"ஊண் கழிச்சது ஃபைலில் இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். யாரிடமும் ஒரு சாயாகூட ஓசியில் குடிக்காதவர். ஆனால் ஒரு கெட்டவனிடம் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கெட்டவனை எதிர்பார்த்துத்தானே எல்லோரும் நடக்கிறோம்.

நான் என் மேஜைக்குத் திரும்பினேன். பசையை எடுத்தேன். அந்தத் தாளை ஃபைலில் ஒட்டி, பக்க நம்பர் போட்டு, அதைப் பற்றி ஒரு நோட் அடித்து, ஃபைலை அவர் முன் மறுபடி வைத்தேன்.

"இப்போ இருக்கு சார்."

வேலை போகும் என்று நினைத்தேன். அவர் அரை மணி நேரம் ஃபைலைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திறந்தார். நிராகரிப்பு டிராஃப்டைக் கிழித்தார். தன் ரிப்போர்ட்டைக் காட்டி, கிளெயிமை அனுமதிக்கச் சிபாரிசு செய்து, டிவிஷனல் ஆபீசுக்கு அனுப்பினார். அதன்பிறகு எப்போதும் என்னை டிக்டேஷனுக்கு அழைக்கவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று அக்காவிடம் ஓடினேன். அவள் விரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

டிவிஷனல் ஆபீஸ் ஒரு விளக்கம் கேட்டது. அனுப்பினோம். இன்னொரு விளக்கம் கேட்டது. அனுப்பினோம். ஐப்பசியில் மூன்று மாதம் முடிந்தது. மறுநாள் காலை கோடவுன் முதலாளியின் ஆட்கள் முன்கதவில் தங்கள் பூட்டைப் போட்டார்கள். சாய்ப்பைப் பிரித்துத் தெருவில் எறிந்தார்கள். அடுத்த வாரம் அங்கே சுக்கு மூட்டை ஏறியது. கார்த்திகை முடியும்போது எங்களுக்கு உத்தரவு வந்தது: உறுதி மீறல் இருந்தாலும் சூழ்நிலை கருதி, நான்-ஸ்டாண்டர்ட் கிளெயிமாக, ஒரு பகுதி கொடுக்கலாம். பெரிய மனசு பண்ணிக் கொடுக்கிறார்களாம்.

கேட்டுக்கொள்ளுங்கள்

ஹோட்டல் வைத்திருக்கிறவர்களே, பாலிசியை ஃபிரேமுக்குள் போடாதீர்கள். ஃபிரேம் போட்டால் பின்பக்கமும் ஒட்டின ஸ்லிப்பும் தெரியாது. ஒட்டினதை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், ஆபீஸ்காரனையே படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாமல் விழிப்பான், நானும் விழித்தேன். ஒரு கீற்றுப் போட்டாலும், ஒரு அடுப்பை இடம் மாற்றினாலும், கேஸ் சிலிண்டர் வாங்கி வைத்தாலும் அன்றைக்கே கடிதம் எழுதி, நகலில் ஆபீஸ் முத்திரை வாங்குங்கள். மேனேஜருக்குத் தெரியும், தினமும் வந்து சாப்பிடுகிறார் என்று இருக்காதீர்கள். அவர் வயிற்றுக்குத் தெரிந்தது ஆபீசுக்குத் தெரியாது.

கடை மூடிக் கிடக்கும் காலத்து நஷ்டத்துக்கென்று தனியாக ஒரு பாலிசி உண்டு. அப்போதும் இருந்தது. அதை அக்காவிடம் எங்களில் ஒருவரும் சொன்னதில்லை. சின்ன ஹோட்டலுக்கு எதற்கு என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். நாங்கள் யார் அதை முடிவு செய்ய?

புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான். தை மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு ஆடி மாதத்துக்குக் கையெழுத்து வாங்காதீர்கள்.

படகுத்துறை

பணம் பெற்றுக்கொண்டதற்கான டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போட அக்கா ஆபீசுக்கு வந்தாள். அச்சடித்த வரியை வாசித்துக் காட்டினேன். முழுமையான இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்.

"முழுமைன்னா?"

"இதுக்கு மேல எதுவும் கேட்க மாட்டேன்னு, அக்கா."

"கேட்டாக் கொடுத்துருவீங்களோ?"

ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டாள். குருப்பு சார் தன் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். "சேச்சி" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். "உடம்பப் பார்த்துக்கிடுங்க சார். மத்தியானம் எங்க சாப்பிடுதீய?" என்றாள். நிஜமாகவே கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படகுத்துறைவரை கூடப் போனேன். வைட்டிலா முக்கில் யாரோ ஒரு ஒற்றை அறை கொடுத்திருக்கிறார்கள், சாயாவும் தோசையும் போடப் போகிறாள். முன்கட்டில் இருந்த சாயா சமோவரைச் சாக்கில் சுற்றித் தங்கப்பன் முன்னால் தூக்கிப் போனார். படகு கட்டியாயிற்று. ஆபீஸ் புத்தி, வாயில் வந்தது அதுதான்.

"அக்கா, அங்கேயும் ஒரு பாலிசி எடுத்திருங்க."

அவள் படகில் ஒரு காலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"எடுக்காம இருப்பேனாளா? ஆனா தை மாசத்துல இல்ல. ஆடியில, மழை கொட்டுத நேரமாப் பார்த்துச் சொல்லி விடுதேன். நீ வந்து பின்னால போயி, சாய்ப்புக்கு அடியில நின்னு எழுது. குடை மட்டும் கொண்டாராத."